கடைசித் தெரு மட்டுறுத்துநர்

இனி ஒரு பிழையையும் பொறுப்பதில்லை என்று நான் முடிவெடுத்தது பல் துலக்கிக்கொண்டிருந்தபோது. அரைச் சொம்புத் தண்ணீரில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். பின்னால் அது தேவைப்படும்.

என் பெயர் ஊர்க்காவலன். சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். மற்றவர்கள் அதை ப்ரூஃப் பார்ப்பது என்பார்கள். நான் மட்டும் மெய்ப்பு என்பேன். நாள்காட்டி, பட்டாசுப் பெட்டி லேபிள், கல்யாணப் பத்திரிகை, எதுவானாலும் நான் மூன்று மெய்ப்புப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் எந்திரம் ஓடும். சீசன் நேரத்தில் முதலாளியே வந்து தலைக்குமேல் நின்றாலும் ஓடாது. ஒருமுறை, 'திரியைப் பற்றவைத்ததும் விலகி நிற்கவும்' என்ற வரியில் ஓர் எழுத்து விட்டுப்போய்விட்டது. ஒரு லோடு லேபிளை நிறுத்திவிட்டேன்.

"அண்ணாச்சி, வெடியைப் பத்த வச்சவன் எழுத்தையா எண்ணிக்கிட்டு நிப்பான்? ஓடிருவான்லா?" என்றார் மெஷின்மேன்.

"ஓடட்டும். ஒழுங்கான தமிழைப் படிச்சிட்டு ஓடட்டும்" என்றேன்.

இப்படிப்பட்ட ஒருவனைக் கொண்டுபோய் எங்கள் காலனிக் குழுமத்தில் சேர்த்தார்கள்.

அது இரண்டாயிரத்து எட்டாம் வருடம். எங்கள் காலனி ஆண்களில் பாதிப்பேர் அச்சகங்களில் கணினி முன்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள். அதனால் காலனிச் சங்கச் செயலாளர் செழியன் இணையத்தில் ஒரு குழுமம் தொடங்கினார். ஒருவர் எழுதினால் எல்லாருடைய மின்னஞ்சலுக்கும் போய்ச் சேரும். நாட்டு நடப்பு பேசலாம், நல்ல கருத்துகளைப் பரிமாறலாம் என்று சொல்லித்தான் சேர்த்தார். உள்ளே போய்ப் பார்த்தால் பேச்செல்லாம் ஒரே விஷயம். தண்ணீர்.

எங்கள் காலனி விஸ்வநத்தம் போகிற வழியில் இருக்கிறது. மொத்தம் நான்கு தெரு. முதல் தெரு முனையில் மேல்நிலைத் தொட்டி. அங்கிருந்து குழாய் ஒவ்வொரு தெருவாக நுழைந்து நுழைந்து எங்கள் தெருவில் வந்து முடியும். நாங்கள் கடைசித் தெரு. தொட்டி நிரம்பினால் முனியசாமி வந்து வால்வைத் திறப்பார். எந்த நாளில் நிரம்பும், எந்த நேரத்தில் திறப்பார் என்று கேட்டால் அவரே வானத்தைப் பார்ப்பார். ஒரு வாரம் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். திறந்தால் ஒன்றரை மணி நேரம் ஓடும். அதற்குள் பிடித்தால் உண்டு.

தொட்டிக்கு எதிர்வீட்டில் கதிரவன் இருந்தான். அச்சகத்தில் லேபிள் வடிவமைக்கிற பையன். இரவு ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் வீட்டில் இருப்பான், வீட்டிலும் கணினி வைத்திருந்தான். முனியசாமி வால்வைத் திருகுவதைப் பார்த்ததும் குழுமத்தில் இப்படி எழுதுவான்: "thanni vanthachu makka". அவ்வளவுதான். அச்சகங்களில் இருக்கும் ஆண்கள் அதைப் பார்த்து வீட்டுக்குப் போன் போடுவார்கள். முதல் மூன்று தெருவிலும் எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் உறுமும். எங்கள் தெருக் குழாயில் காற்று வரும். சில நாள் அதுவும் வராது.

என் மனைவி செல்வலட்சுமி அந்தக் காற்றுக்கு நேராகக் குடத்தை வைத்துக்கொண்டு குழாய்க் குழிக்குள் உட்கார்ந்திருப்பாள். அப்புறம் எழுந்துபோய், முதல் தெருவில் கார் கழுவிக்கொண்டிருக்கும் செழியனிடம் இரண்டு குடம் கேட்டு வாங்கி இடுப்பில் சுமந்து வருவாள். நம்புங்கள், இதெல்லாம் அப்போது என் கண்ணில் பட்டதே இல்லை. தமிழன் ஒருவன் தண்ணீரை ஆங்கில எழுத்தில் எழுதுகிறான் என்பது மட்டும்தான் பட்டது. அது கண்ணில் பட்ட பட்டாசுப் பொறி மாதிரி உறுத்தியது.

பல் துலக்கி முடித்து, அச்சகத்துக்குப் போன கையோடு, குழுமத்தில் ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். 'மதிப்பிற்குரிய காலனி உறுப்பினர்களே' என்று தொடங்கி, தாய்மொழியின் மாண்பு, எழுத்தின் கற்பு, எதிர்காலச் சந்ததி எல்லாவற்றையும் தொட்டு, 'இனியாவது பிழையின்றி எழுதுவோம்' என்று முடித்தேன். எழுதி முடிக்கும்போது எனக்கே கண் கலங்கியது.

சாயங்காலம் வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் கதிரவனிடமிருந்து பதில் வந்தது. முழுப் பதிலையும் இங்கே தருகிறேன்.

"k".

வீட்டுக்குப் போனபோது செல்வலட்சுமி கூடத்தில் தாள் மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு நோட்டுப் புத்தகக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே தாள் மடித்துக் கொடுக்கிற வேலை. பக்கத்து வீட்டு அய்யம்மாளும் கூட உட்கார்ந்து மடிப்பார். கடைசித் தெருப் பெண்கள் எல்லாருமே வந்துபோகிற இடம் அது.

"ஒரே எழுத்து செல்வம்! நான் இம்புட்டு எழுதினதுக்கு அவன் போட்ட பதில் ஒரே எழுத்து! கே!"

"என்னத்துக்கு கே?"

"சரின்னு அர்த்தமாம்."

"சரின்னுதானே சொல்லிருக்கான்? அதுக்கு எதுக்கு இந்தக் கோவம்?"

"சரிங்கிறதைச் சரியாச் சொல்லலையே!"

அய்யம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வழக்கமாக இந்த இடத்தில் செல்வலட்சுமி, "உங்க தமிழைக் கொண்டுபோய்க் கொடியில காயப்போடுங்க, அடுப்புல பால் இருக்கு" என்று எழுந்து போய்விடுவாள். அன்றைக்குப் போகவில்லை. மடித்துக்கொண்டிருந்த தாளைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, உங்க பிரஸ்ல நீங்க பார்க்காம எதையாவது வெளிய விடுவாகளா?"

"விட்டுருவானா ஒருத்தன்?"

"அப்போ இதுல மட்டும் எப்படி விடுறாக? பார்த்து விட ஒரு ஆளு வேண்டாமா?"

"அதுக்கு ஒரு பதவியே இருக்கு. மட்டுறுத்துநர்னு பேரு. செழியன்தான் அது. வர்றதை எல்லாம் அப்படியே திறந்து விட்டுர்றாரு மனுசன்."

"மட்டு... என்னது?"

"மட்டுறுத்துநர்."

"வாயில நுழையல. இருக்கட்டும். அந்த ஆளு பார்த்து விட்டாத்தான் மத்தவுக கண்ணுக்குத் தெரியுமோ?"

"அமைப்பை மாத்தி வச்சா அப்படித்தான்."

"விடாம வச்சிருந்தா?"

"அங்கனயே நிக்கும்."

"எம்புட்டு நேரம் நிக்கும்?"

"பிழையைப் பொறுத்தது. கதிரவன் எழுதுறதுக்கெல்லாம் மூணு மெய்ப்புப் பார்க்காம முடியாது."

செல்வலட்சுமி அய்யம்மாளைப் பார்த்தாள். அய்யம்மாள் செல்வலட்சுமியைப் பார்த்தார்.

"உங்களை விட்டா அந்தப் பதவிக்கு இந்தக் காலனியில வேற யாருங்க இருக்கா?" என்றாள் என் மனைவி.

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயால் இப்படி ஒரு வாக்கியத்தை நான் கேட்டதில்லை. கூடவே இரண்டாவது காப்பி வேறு வந்தது. குடித்தேன். தமிழுக்கு என் வீட்டிலேயே விழிப்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் என் கோரிக்கையை வைத்தேன். முதல் தெருக்காரர்கள் சிரித்தார்கள். ஆனால் கடைசித் தெரு முழுக்க வந்திருந்தது. ஆணும் பெண்ணுமாக, ஒரு வீடு பாக்கியில்லை. "அண்ணாச்சியைப் போடுங்க!" என்று முதலில் குரல் கொடுத்தவர் நாகையா. தீப்பெட்டி ஆபீசில் லோடு ஏற்றுபவர். கணினியைப் போட்டோ ஸ்டூடியோவில் பார்த்ததோடு சரி. அவருக்கே இவ்வளவு மொழிப்பற்றா என்று வியந்து ஒரு கும்பிடு போட்டேன். செழியனுக்கும் அந்தப் பதவியில் சலிப்புதான். "எடுத்துக்கோங்க அண்ணாச்சி, புண்ணியமாப் போகும்" என்று கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டார்.

மறுநாளிலிருந்து அச்சகத்தின் முறையைக் குழுமத்துக்குக் கொண்டுவந்தேன். செய்தி முதலில் என்னிடம் வரும். பிழைகளைச் சிவப்பில் காட்டித் திருப்பி அனுப்புவேன். எழுதியவர் திருத்தி அனுப்ப வேண்டும். மறுபடி பார்ப்பேன். மறுபடி அனுப்புவேன். மூன்றாம் மெய்ப்பில் என் மனம் ஒப்பினால் வெளியே விடுவேன். ஆங்கில எழுத்தில் வந்தால் முதல் மெய்ப்புக்கே தகுதியில்லை, தமிழில் தட்டச்சு செய்து கொண்டுவா என்று வாசலிலேயே நிறுத்திவிடுவேன்.

கதிரவன் போன் போட்டான்.

"அண்ணாச்சி, தண்ணி வந்துருச்சு. அனுப்பிருக்கேன். சட்டுனு விடுங்க."

"பார்த்தேன் தம்பி. 'தண்ணி வந்தாச்சு மக்கா'. எங்கேயிருந்து வந்துச்சு?"

"தொட்டியில இருந்துதான்."

"அது வாக்கியத்துல இல்லையே?"

"தொட்டியில இருந்து வராம வேற எங்கன இருந்து அண்ணாச்சி வரும்?"

"படிக்கிறவன் யோசிக்கக் கூடாது தம்பி. எழுதுறவன் யோசிக்கணும். திருத்தி அனுப்பு."

"அண்ணாச்சி, தண்ணி போயிரும்!"

"தமிழ் போயிருச்சுன்னா வருமா?"

போன் வைக்கிற சத்தம்தான் கேட்டது.

இந்த மாதிரி ஒரு செய்தி வந்து நின்றதும் எனக்கு மனசு ஆறாது. அச்சகத்தில் யாரிடம் சொல்ல? அதனால் கதிரவனுக்குப் பதில் அனுப்பும் முன்பே வீட்டுக்குப் போன் போட்டுக் கொட்டிவிடுவேன். செல்வலட்சுமியும் இப்போதெல்லாம் முதல் மணி அடித்து முடிவதற்குள் போனை எடுத்துவிடுவாள்.

"கேட்டியா செல்வம்! பிசாசு மாதிரி எழுதியிருக்கான்!"

"எப்போ வந்துச்சுங்க?"

"இப்பத்தான். இந்த நிமிசம். இதைத் திருத்துறதுக்குள்ள எனக்கு..."

"அவசரப்படாதீக. நல்லா நிறுத்தி நிதானமாத் திருத்துங்க. நீங்களே விட்டுட்டா அப்புறம் தமிழை யாரு பார்ப்பா? வச்சிர்றேன்."

"அங்கன என்ன, குடம் உருள்ற மாதிரி சத்தம்?"

"தாள் மடிக்கிறோம்ங்க."

என்ன ஓர் ஊக்கம்! மற்ற வீடுகளில் கணவன் போன் செய்தால் வீட்டுக்கு வரும்போது என்ன வாங்கிவர வேண்டும் என்று சொல்வார்கள். என் மனைவி தமிழைப் பார்க்கச் சொல்கிறாள். அந்த உற்சாகத்தில் நான் ஒரு வரிக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்ட நாள்களும் உண்டு.

தமிழுக்குத் தொண்டு செய்கிறவனை வீடும் மதிக்கத் தொடங்கியது. குளியலறையில் எனக்கு இரண்டு வாளி நிறைய தண்ணீர் இருந்தது. முன்பெல்லாம் அரை வாளியோடு, "பார்த்து ஊத்துங்க" என்ற எச்சரிக்கையும் சேர்ந்து வரும். பின்கட்டில் இருந்த நீல டிரம் விளிம்பு வரை நின்றது. என் சட்டைகள் வெளுப்பாயின. கடைசித் தெருவில் வாசல் தெளித்துக் கோலம் போட்டார்கள். அய்யம்மாள் வாசலில் ஒரு ரோஜாச் செடி பூத்தது.

"என்ன செல்வம், தண்ணி இப்பல்லாம் நல்லா வருதோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பிரஷரு நல்லா இருக்குங்க."

"எப்படி?"

"எல்லாம் உங்க தமிழ்தாங்க" என்றாள்.

நான் அடக்கமாகச் சிரித்துக்கொண்டேன்.

முதல் தெருவுக்கும் ஒன்றும் பெரிய கஷ்டமில்லை. தொட்டியை ஒட்டி இருப்பவர்கள். கடைசிக் கால் மணியில் மோட்டார் போட்டாலும் குடிக்க, குளிக்கப் பிடித்துவிடுவார்கள். கார்தான் அழுக்காக நின்றது. செழியன் ஒருநாள் என்னை வழிமறித்தார்.

"அண்ணாச்சி, நாலு பேரு பேசிக்கிற இடத்துல எதுக்குப் பரீட்சை? டீக்கடையில நின்னு பேசுறப்ப இலக்கணம் பார்த்தா பேசுறோம்? இதுவும் டீக்கடைதான். ஆளு மட்டும் அங்கங்க உக்காந்திருக்கான்."

"டீக்கடையில பேசுறது காத்தோட போயிரும். இது எழுத்து. எழுத்து நிக்கும்."

"நிக்குதே, அதான் அண்ணாச்சி வினை. உங்ககிட்ட வந்து நிக்குது."

"நாலு பேரு ஏனோதானோன்னு எழுதுனா, அஞ்சாவது ஆளு அதுதான் சரின்னு நினைச்சிருவான். அப்புறம் நம்ம பிள்ளைக..."

"சொன்னது புரிஞ்சாப் போதாதா?"

"போதாது!" என்றேன். நடுரோட்டில் கத்திவிட்டேன். கோபத்தில் கத்தினேன் என்றுதான் அவர் நினைத்திருப்பார். உண்மையில் எனக்கு வருத்தம். நாள் முழுக்க அடுத்தவர்கள் எழுத்துக்குக் காவல் நிற்கிறவன் நான். ஓர் ஆள்கூட அதை ஒரு வேலையாக மதிக்கவில்லையே என்ற வருத்தம்.

மதித்தவன் ஒருவன் வந்தான். கதிரவன்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நோட்டும் பேனாவுமாக வீட்டு வாசலில் வந்து நின்றான். "உங்ககூட மல்லுக்கட்ட முடியல அண்ணாச்சி. கத்துக்குடுத்துருங்க, நிம்மதியாப் போயிரும்" என்றான். நான் சொல்லிக் கொடுத்தேன். மறு ஞாயிறும் வந்தான். அதற்கடுத்த ஞாயிறும் வந்தான். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. செல்வலட்சுமிக்கு மட்டும் அவன் வரவு பிடிக்கவில்லை.

"இந்தப் பையனுக்கு எதுக்குங்க இதெல்லாம் சொல்லிக் குடுக்கீக? அவன் பாட்டுக்கு எழுதட்டுமே, நீங்க பாட்டுக்குத் திருத்துங்களேன்."

"ஆர்வமா வர்றான் செல்வம்."

"ஆர்வம் தமிழ்மேல இல்ல" என்று சொல்லி, அடுத்த வீட்டு வாசலைக் கண்ணால் காட்டினாள். அய்யம்மாள் மகள் ஓவியா, பட்டாசுக் கம்பெனி ஆபீசில் வேலை பார்க்கிற பெண், ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கதிரவன் எழுதவேண்டிய வரியை விட்டுவிட்டுப் பேனாவை நோட்டுக்கு வெளியே ஓட்டிக்கொண்டிருந்தான். தலையில் ஒரு தட்டுத் தட்டி நோட்டுக்குத் திருப்பினேன்.

அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் வந்தது. ஆலங்குளத்திலிருந்து செல்வலட்சுமியின் அண்ணன் குடும்பம், அண்ணிவீட்டார், அவர்களோடு வந்த உறவு என்று ஒரு வேன் நிறைய ஆட்கள் அன்று மத்தியானம் இறங்கப்போகிறார்கள். பொங்கலுக்காக அன்றைக்கு வால்வு திறப்பதாக முனியசாமி முன்கூட்டியே சொல்லியிருந்தார், நேரத்தை மட்டும் சொல்லவில்லை. செல்வலட்சுமி டிரம்மைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். "இன்னிக்கு மட்டும் போனைக் கையிலயே வச்சிருங்க" என்று சொல்லி அனுப்பினாள்.

பத்து மணிக்குமேல் கதிரவனின் செய்தி வந்தது. சிவப்பு எழுத்தைத் தயாராக வைத்துக்கொண்டு திறந்தேன்.

"அன்புடையீர், வணக்கம். நமது காலனித் தொட்டியிலிருந்து குடிநீர் திறந்துவிடப்பட்டுள்ளது. அனைவரும் பிடித்துக்கொள்ள வேண்டுகிறேன். அன்புடன், கதிரவன்."

முதல் மெய்ப்புப் பார்த்தேன். பிழை இல்லை. இரண்டாம் மெய்ப்புப் பார்த்தேன். இல்லை. எழுத்து எழுத்தாக, பின்னாலிருந்து முன்னால் வரை பார்த்தேன். இல்லவே இல்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றுகூடச் சொல்லியிருந்தான்! என் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"என்ன அண்ணாச்சி, யாரும் தவறிட்டாகளா?" என்று மெஷின்மேன் ஓடி வந்தார்.

"இல்லப்பா. ஒருத்தன் தவறவே இல்ல. அதான்" என்றேன்.

பொத்தானை அழுத்தினேன். செய்தி பறந்தது. அப்புறம்தான் வீட்டுக்குப் போன் போட்டேன்.

"செல்வம்! ஜெயிச்சிட்டேன்!"

"செய்தி வந்துருச்சா?"

"வந்துருச்சு! ஒரு பிழை இல்ல! ஒத்தைப் பிழை இல்ல!"

"சரி, நிறுத்தி வச்சிருக்கீகல்லா?"

"எதுக்கு நிறுத்தணும்? வந்த வேகத்துல விட்டுட்டேன்!"

அந்தப் பக்கம் ஒரு குடம் கீழே விழுகிற சத்தம் கேட்டது.

"விட்டுட்டீகளா?" என்றாள். பிறகு போனை வைத்துவிட்டாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டு, எல்லாருக்கும் பூந்தி வாங்கிக் கொடுத்தேன்.

மத்தியானம் வீட்டுக்குப் போனால் வாசலில் வேன் நின்றது. மைத்துனர் தோளில் துண்டோடு, முகம் கழுவத் தண்ணீருக்குக் காத்து நின்றார். அவர் பின்னால் பத்துப் பேர் அதே துண்டோடு நின்றார்கள். குழாய்க் குழிக்குள் அய்யம்மாள் காலிக் குடத்தோடு உட்கார்ந்திருந்தார். கழுவிக் கவிழ்த்த டிரம் கவிழ்த்தபடியே இருந்தது. முதல் தெருப் பக்கமிருந்து செல்வலட்சுமி வந்தாள். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம். புதுச்சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. அவள் பின்னால், தூரத்தில், செழியனின் கார் பளபளவென்று நின்றது.

அப்போதுதான் முதல்தடவையாக அதை நான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். எனக்கு வெட்கமாக இருந்தது. குடத்தை வாங்கப் போனேன். அவள் கொடுக்கவில்லை. பின்கட்டுக்கு வரச் சொன்னாள்.

"காலையில 'விட்டுட்டேன்'னு சொன்னீகளே, எதை விட்டீகன்னு தெரியுமா?"

"செய்தியை."

"நம்ம தண்ணியை."

அவள் குடத்தை இறக்கிவைத்தாள்.

"முனியசாமி அண்ணன் திறக்குற வால்வு ஒண்ணு. நீங்க ஒண்ணு. நீங்க போன் போட்டுப் புலம்புனாத் தண்ணி வந்துருச்சுன்னு எங்களுக்குத் தெரியும். நீங்க திருத்தி முடிக்கிற வரைக்கும் மேல இருக்குற மூணு தெருக்காரனும் மோட்டார் போட மாட்டான். அந்த நேரத்துலதான் இந்தத் தெரு குடிச்சுச்சு, குளிச்சுச்சு, துவைச்சுச்சு. உங்களை எதுக்கு அந்த மட்டு... அந்த வேலையில உக்கார வச்சோம்னு நினைச்சீக?"

"அப்போ கூட்டத்துல நாகையா குரல் குடுத்தது..."

"அவுக வீட்டுலயும் டிரம் இருக்குங்க."

"அப்போ நீ சொன்னது எதுவும் தமிழுக்காக இல்லையா செல்வம்?"

"தமிழும் இருக்கட்டும், யாரு வேண்டாம்னா? நாக்கு நனைஞ்சாத்தானேங்க அதையும் பேச முடியும்?" என்றாள். அப்புறம் குரல் கொஞ்சம் இறங்கியது. "இனிமே பிழை இல்லாட்டியும் கொஞ்ச நேரம் பிடிச்சு வைங்க. எதையாவது சொல்லித் திருப்பி அனுப்புங்க. சொல்றதுக்கா உங்களுக்கு இல்ல?"

இந்த இடத்தில் நான் நிமிர்ந்தேன். மனைவி கஷ்டம் பெரிதுதான். ஆனால் அதையும்விட...

"செல்வம், பிழை இருந்தா நாள் முழுக்கப் பிடிச்சு வைப்பேன். பிழை இல்லாததைப் பிழைன்னு சொல்றதுக்கு என்னைய வெட்டிப் போட்டாலும் முடியாது. நான் மெய்ப்புப் பார்க்குறவன்."

சண்டை வரும் என்று கால்களை அகற்றி வைத்து நின்றேன். வரவில்லை. அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"சரிங்க" என்றாள். "நீங்க அப்படிப்பட்ட ஆளுதான். உங்க மனசுக்கு விரோதமா ஒண்ணும் செய்ய வேண்டாம்."

வாதத்தில் அவளை நான் ஜெயித்தது அன்றைக்குத்தான். அந்தப் பூரிப்பில் இரண்டு குடத்தையும் எடுத்துக்கொண்டு முதல் தெருவுக்கும் கடைசித் தெருவுக்குமாக, மைத்துனர் வீட்டார் அத்தனை பேரும் முகம் கழுவி முடிக்கும் வரை நானே நடந்தேன். இடுப்பு விட்டுப்போயிற்று. அவள் இத்தனை வருடம் எப்படி நடந்தாள் என்று அப்போது நினைத்தேன்.

பொங்கல் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய அன்று செல்வலட்சுமி காப்பியோடு வந்தாள்.

"ஏங்க, அந்தக் கதிரவன் நல்ல பையனா?"

"தங்கம்."

"பிழை எதுவும் இல்லையே?"

"நான் மூணு மெய்ப்புப் பார்த்துட்டேன்."

"அப்போ நம்ம அய்யம்மா மதினி மக ஓவியாவுக்குப் பேசலாமா? நமக்குள்ளதானே. நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவன் வீட்டுல கேப்பாக."

என் மாணவன்! எனக்குப் பெருமை தாங்கவில்லை. நானே வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கதிரவன் வீட்டுக்குப் போய்ப் பேசினேன். அவன் அப்பா யோசித்தார். அவன் யோசிக்கவே இல்லை. அடுத்த முகூர்த்தத்தில் ஓவியாவுக்குப் பூ வைத்தார்கள். வெற்றிலை பாக்கு மாற்றும்போது அய்யம்மாள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். "எங்க தெருவுக்கு ஒரு நல்ல மாப்பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்துட்டீக அண்ணே" என்றார். 'எங்க வீட்டுக்கு' என்று இருக்க வேண்டும், தெருவுக்கு என்கிறாரே என்று நினைத்தேன். பேச்சுதானே, திருத்தவில்லை.

பூ வைத்த பிறகு முதல்முறையாக முனியசாமி வால்வு திறந்த நாள். காலையிலிருந்தே கணினி முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தேன். கதிரவனின் செய்தி வந்தது. ஆசையோடு திறந்தேன்.

என்னத்தைச் சொல்ல! தமிழ் எழுத்தில்தான் எழுதியிருந்தான். ஆங்கில எழுத்தே தேவலை. சொற்கள் கைகால் முறிந்து கிடந்தன. சேர வேண்டியவை பிரிந்து நின்றன, பிரிய வேண்டியவை கட்டிப்பிடித்து நின்றன. நான் சொல்லிக் கொடுத்த ஒவ்வொரு விதியையும் தேடித் தேடி மிதித்திருந்தான். உடனே வீட்டுக்குப் போன் போட்டேன். பாதி மணி அடிக்கும்போதே எடுத்துவிட்டாள்.

"செல்வம்! கெட்டுட்டான்! பூ வச்ச கையோட கெட்டுட்டான்!"

"எப்போ வந்துச்சுங்க?"

"இப்பத்தான்! இதை நான் வெளிய விடுறதா? முடியவே முடியாது! முதல் வரியை நிமித்துறதுக்கே ஒரு மணி நேரம் வேணும்!"

பின்னால் குடங்கள் உருண்டன. "மாப்பிள்ளை அனுப்பிட்டாராம், ஓடியாங்க!" என்று அய்யம்மாள் தெருவுக்குக் குரல் கொடுப்பது கேட்டது.

"ரெண்டாவது வரியையும் நிதானமாப் பாருங்க" என்றாள் என் மனைவி. "அங்கனதான் பிழை நிறைய வச்சிருக்கோம்."